கோலியர்ஸ் வுட்டிலிருந்து பிளேஸ்டோவரை: பிள்ளையின் பையில் போன குளிசை அட்டை

கோலியர்ஸ் வுட்டிலிருந்து பிளேஸ்டோவுக்குக் கைக்குழந்தையோடு ரயிலில் போகலாமா, அல்லது காருக்கு ஆள் பிடிக்க வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். போகலாம். நான் போயிருக்கிறேன். 1994 மே மாதம், ஒரு சனிக்கிழமை. அந்தப் பயணத்தில் வழியைத் தவிர வேறு சில காரியங்களும் நடந்தன. அவற்றை விட்டுவிட்டு வழியை மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, பெயர்களை மாற்றி, முழுவதையும் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் லண்டன் பாதாள ரயிலில் என்னைத் தொலைக்க எவராலும் முடியாது. பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்பதற்குள் கதவு மூடிவிடும் என்பதால் நான் வாசிப்பதில்லை, எண்ணுவேன். விரல் ரேகைக்கு ஒரு நிலையம். கோலியர்ஸ் வுட்டிலிருந்து ரயில் வரைபடத்தின் கறுப்புக் கோட்டில் பதின்மூன்றாவது நிலையம் பாங்க். அங்கிருந்து நிலத்துக்குக் கீழேயே நடந்தால் மொனுமென்ட். அங்கே பச்சைக் கோட்டில் ஏறினால் ஒன்பதாவது நிலையம் பிளேஸ்டோ. எல்லாமாக இருபத்திரண்டு. மருமகன் கார் வைத்திருந்தும் வழி தவறுவார், நான் தவறியதில்லை.

அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மகள் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு சோமாலி இளம் தம்பதி. அவள் ஹோடன், இருபத்தைந்து வயது. மொகடிஷுவில் மருந்தியல் படித்துக்கொண்டிருந்தபோது சண்டை வந்து படிப்பு நின்றது. இங்கே வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தாள். அவன் யூசுப். அங்கே கணக்கு வாத்தியார், இங்கே ஒரு களஞ்சியத்தில் இரவு ஷிப்ட். ஏழு மாதப் பெண் குழந்தை, இல்ஹான். ஹோடன் கல்லூரிக்குப் போகும் நாட்களில் இல்ஹான் என்னிடம்தான். என் பேத்தியைப் பார்த்து ஹோடனும் என்னை அம்மம்மா என்றே கூப்பிடுவாள்.

பிள்ளையைக் கூட்டிப்போக அவள் வரும் நேரம் மாலை ஏழு. நான் விளக்கேற்றும் நேரமும் அதுதான். என் சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் அவளுடைய குளிசை அட்டை ஒன்று இருக்கும். அடுத்த பிள்ளை தங்காமல் இருக்க, பால் கொடுக்கும் தாய்மாருக்கு டாக்டர் கொடுக்கும் குளிசை. நான் திரியை ஏற்ற, அவள் ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள். கல்லூரி இல்லாத நாட்களிலும் அந்த நேரத்துக்கு ஒருமுறை வந்துபோவாள். நான்கு மாதமாக இது நடந்தது. யூசுப்புக்குத் தெரியாது.

யூசுப் கெட்டவன் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு அண்ணன்மாரைச் சண்டையில் பறிகொடுத்தவன். அவர்கள் பெயரை வைக்க இரண்டு பையன்கள் வேண்டும், கெதியாக வேண்டும் என்பது அவன் ஆசை. நைரோபியிலிருந்து தாயார் போன் எடுத்தாலும் அதே பேச்சு. தாய்ப்பால் கொடுக்கும் இரண்டு வருடம் கடவுள் விட்ட இடைவெளி, அதற்கு மேல் மனிதன் கை வைக்கக்கூடாது என்று அவன் நம்பினான். ஹோடன் ஒருநாள், எனக்கு விளங்கும் எளிய ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னாள்: "அம்மம்மா, பகல் முழுக்க நான் கொலிச்சிலை. பிள்ளை போத்தில் பால் குடிக்குது. அப்ப அந்த இடைவெளி எனக்கு இல்லை. இதை நான் படிச்சனான். அவருக்குச் சொன்னால் ஆஸ்பத்திரிக்காரர் சொல்லித் தந்த கதை எண்டுவார்." அவளுடைய கடைசிப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. நானோ ஒன்பது வருடத்தில் ஆறு பெற்றவள். அட்டையைக் கொண்டா, நான் வைத்திருக்கிறேன் என்று வாங்கி வைத்தேன்.

இனிப் பயணம். பிளேஸ்டோவில் ஒரு சமூக மண்டபத்தில், சஹ்ரா என்ற சோமாலிப் பெண் தன் படிப்புக்காக ஒரு கூட்டம் வைத்தாள். படித்த சோமாலி இளைஞர்கள் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டுமாம். படித்தவர்கள் மட்டும் என்று அழைப்பில் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நான் உள்ளே போனதற்குக் காரணம் இல்ஹான். பிள்ளையை வைத்திருக்க ஆள் வேண்டும் என்று யூசுப்பே வந்து கேட்டான்.

பகல் 1.10க்கு வீட்டிலிருந்து இறங்கினோம். நிலையத்துக்கு நடை ஆறு நிமிடம். ஒருநாள் டிக்கெட் அன்றைக்கு ஆளுக்கு மூன்று பவுணும் சில்லறையும். இன்றைக்கு அந்தக் கணக்கு உதவாது. 1.22க்கு ரயில். பாங்கில் இறங்கும்போது 1.50. அங்கிருந்து மொனுமென்டுக்குப் போகும் வழியில் எஸ்கலேட்டரும் படிகளுமாக இருக்கும். தள்ளுவண்டியை முன்னும் பின்னுமாக இருவர் தூக்க வேண்டும். யூசுப் ஒருவனாகவே தூக்கினான். 2.25க்குப் பிளேஸ்டோ. கதவுக்குக் கதவு பன்னிரண்டு மைல் இருக்கலாம். ஒன்றேகால் மணிக்குக் கொஞ்சம் கூட.

இந்த இடத்தில் என் பிழையைச் சொல்ல வேண்டும். திரும்பி வர ஏழு மணி தாண்டும் என்று முதல் நாளே கணக்குப் பார்த்தேன். விளக்கை மகள் ஏற்றுவாள், குளிசை என்னாவது? மூன்று மணி நேரம் பிந்தினால் பரவாயில்லை என்று ஹோடன் எப்போதோ சொன்னது காதில் விழுந்ததுதான். என் மனம் கேட்கவில்லை. விளக்குக்கு ஏழு என்றால் ஏழு. அவளுக்கும் சொல்லாமல் அட்டையை எடுத்து, பிள்ளையின் நாப்பிப் பைக்குள், என் சால்வைக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மண்டபத்தில் பன்னிரண்டு பேர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் சஹ்ரா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. பேசியது ஆங்கிலமும் சோமாலியும். ஹோடன் காதுக்குள் சொன்னது பாதி, பிறகு சொன்னது மீதி. எனக்கு விளங்கியபடி என் தமிழில் எழுதுகிறேன்.

 முதலில் ஓர் ஆசிரியை சொன்னாள்: "இடைவெளி விடுறது சரி. நிற்பாட்டுறது பிழை. இரண்டும் ஒண்டில்லை." எதிரே ஒரு பையன், "இடைவெளி எண்டு தொடங்கி நிற்பாட்டிப் போட்டு இருக்கிற ஆக்களை எனக்குத் தெரியும்" என்றான். ஆணுறையைப் பற்றிச் சஹ்ரா கேட்டதும் ஆண்கள் பக்கம் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். கடையில் போய்க் கேட்பது யார் என்று ஒருத்தி நக்கலாகக் கேட்டாள். "என்ரை தெருமுனைக் கடைக்காரர் தமிழர். நான் வாங்கினால் பின்னேரத்துக்குள்ளை பள்ளிவாசலுக்கே தெரிஞ்சிடும்" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்து என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன், கேட்டால் எங்கள் ஆட்கள் சொல்லத்தான் செய்வார்கள்.

சிரிப்பை நிறுத்தியவன் பஷீர். மருத்துவம் கடைசி வருடம் படிப்பவன், நெட்டையன், யூசுப்பின் ஊர்க்காரன். "நான் ஆஸ்பத்திரி வாட்டிலை பாக்கிறனான்," என்றான். "எங்கடை பொம்பிளை காய்ச்சலோடை வருவா. காய்ச்சலைக் கேட்க முதல் அவவின்ரை கையிலை குடும்பக் கட்டுப்பாட்டுத் துண்டுப் பேப்பரைக் குடுப்பினம். எத்தினை பிள்ளை, போதாதோ எண்டு கேட்பினம். எங்கடை சனம் பாதி செத்துப்போச்சு. மிச்சத்தையும் எண்ணி அளந்து தரச் சொல்லுகினம்." கடைசியில் கத்தியே விட்டான். யூசுப் தலையாட்டிக்கொண்டே இருந்தான். ஹோடன் என் காதுக்குள் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. டூட்டிங்கில் எங்கள் கல்யாண வீடுகளில், கழுத்துப்பட்டி கட்டிய எங்கள் பொடியன்கள் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். என் மகள் இரண்டோடு நிறுத்தியபோது நானே சொல்லியிருக்கிறேன்.

ஐந்தேகாலுக்குத் தொழுகைக்காக எழுந்தார்கள். தொழுதுவிட்டு வந்தவர்கள் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றபோது இல்ஹான் நாப்பியை நனைத்துவிட்டாள். நான் பையைத் திறந்து சால்வையை இழுத்தேன். அட்டை பறந்து போய், யூசுப்பின் காலடியில் விழுந்தது.

அவன் குனிந்து எடுத்தான். திருப்பிப் பார்த்தான். "பிள்ளையின்ரை பையுக்குள்ளை மருந்து? இல்ஹானுக்கு என்ன?" என்றான் ஹோடனைப் பார்த்து. ஹோடனின் கையில் இருந்த தேநீர்க் கோப்பை அப்படியே நின்றது. அவன் பதிலுக்குக் காத்திராமல் பஷீரிடம் நீட்டினான். "டொக்டர், இது என்னெண்டு பார்."

பஷீர் அட்டையின் முதுகைப் படித்தான். ஹோடனைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் என் வாய் தானாகத் திறந்தது.

"அது என்ரை, தம்பி. என்ரை பிறஷர் குளிசை."

பஷீர் என்னைப் பார்த்தான். வாட்டில் கொடுக்கும் துண்டுப் பேப்பருக்கு அப்படிக் கத்தியவன். சுற்றிலும் பதினொரு பேர் படித்தவர்கள்.  அவன் அட்டையை மறுபடி திருப்பினான்.

"ஓம்," என்றான். "அன்ரியின்ரைதான். பிறஷர்."

மூச்சு விட்டேன். கொஞ்சம் அவசரப்பட்டு விட்டுவிட்டேன். யூசுப் அட்டையை வாங்கி எனக்குத் தரப் போனவன் நின்றான். கணக்கு வாத்தியார் அல்லவா. "இதிலை கிழமை நாள் எழுதியிருக்குது. இண்டைக்குச் சனி. சனிக்கிழமைக் குளிசை அப்பிடியே கிடக்குது. அன்ரி, நீங்கள் இன்னும் போடேல்லை!"

"பிறகு போடுறன் தம்பி."

"ஒருநாள் பிந்தினால் ஒண்டுமில்லை, விடு," என்றான் பஷீர்.

"என்ன கதை இது? பிறஷரோடை விளையாடக்கூடாது எண்டு என்ரை அம்மாவுக்கு நீதானே போனிலை சொன்னனி?" என்று சொல்லிக்கொண்டே யூசுப் ஒரு கிளாஸ் தண்ணீரோடு வந்தான். பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல் வலது கையால் நீட்டி, இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான். தன் தாய்க்குப் பக்கத்தில் நின்று மருந்து கொடுக்க முடியாதவன். வாங்காமல் என்ன செய்வது? ஐம்பத்திரண்டு வயதில், பேரப்பிள்ளைகள் கண்ட நான், சனிக்கிழமையைப் பிதுக்கி எடுத்து வாயில் போட்டு விழுங்கினேன். யூசுப் திருப்தியாகக் கிளாஸை வாங்கிக்கொண்டு போனான்.

தேநீர் மேசையருகே பஷீர் மெதுவாக வந்தான். "பயப்பிடாதேங்கோ அன்ரி, உங்களுக்கு ஒண்டும் செய்யாது. அவவை நாளையின்ரை குளிசையை இண்டைக்குப் போடச் சொல்லுங்கோ."

"நீர்தானே தம்பி இதுக்கு எதிராக் கத்தினீர்?"

"நான் கத்தினது ஆஸ்பத்திரியிலை அவை தாங்களாத் தாறதுக்கு. இது அவ தானாப் போய்க் கேட்டு வாங்கினது." பிறகு, "ஆனால் அவன் என்ரை நண்பன் அன்ரி. இண்டைக்கு நான் பொய் சொன்னனான்," என்றான்.

கூட்டம் முடிய முன் சஹ்ரா கடைசிக் கேள்வி கேட்டாள்: பிள்ளை எப்போது என்று தீர்மானிப்பது யார்? கணவன் என்றார்கள் இருவர். கடவுள் என்றாள் ஒருத்தி. மாமியார் என்றாள் அந்த நக்கல்காரி. யூசுப் எழுந்து நின்று சொன்னான்: "இரண்டு பேரும்தான். ஒளிப்பு மறைப்பு இல்லாமல் இருந்து கதைக்க வேணும். எங்கடை வீட்டிலை அப்பிடித்தான்." சஹ்ரா அதை எழுதிக்கொண்டாள். ஹோடன் தலையை நிமிர்த்தவேயில்லை.

6.04க்குப் பிளேஸ்டோவில் ஏறினோம்.  பாங்கில் 6.36க்குக் கறுப்புக் கோடு. லண்டன் பிரிட்ஜ் தாண்டியதும் ஹோடன் சோமாலியில் ஏதோ சொன்னாள். நீளமாக இல்லை, நான்கைந்து வார்த்தை. அந்த மொழி எனக்குத் தெரியாது. ஆனால் யூசுப் என் முகத்தைப் பார்த்தான், பிறகு நாப்பிப் பையைப் பார்த்தான். சொல்லிவிட்டாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அவன் எழுந்து கதவருகே போய் முதுகைக் காட்டி நின்றான். எனக்கு எண்ணத்தான் தெரியும், எண்ணினேன். பரோ. எலிபன்ட். கெனிங்டன். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் ஹோடனின் கை என் சேலைத் தலைப்பைப் பிடிக்கும், மூடியதும் விடும். ஓவல். ஸ்டாக்வெல்லில் கதவு திறந்தது. அவன் இறங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடியது. ரயில் புறப்பட்ட பிறகுதான் ஹோடன் ஒரு சத்தமும் இல்லாமல் அழுதாள். இல்ஹான் மட்டும் கதவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

7.20க்கு வீடு. அவள் தன் வீட்டுக் கதவைத் திறக்க மாட்டேன் என்றாள். என் குசினியில் உட்கார்த்தி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் குளிசையை எடுத்துக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தாள், பிறகு விழுங்கினாள்.

"என்ரை பிழை, பிள்ளை. நான் அதைக் கொண்டு வந்திருக்கக்கூடாது."

"உங்கடை பிழை ஒருநாள், அம்மம்மா. என்ரை பிழை நாலு மாசம்."

8.45க்குக் கதவு தட்டப்பட்டது. வெளியே இன்னும் வெளிச்சம். யூசுப் நின்றான், சப்பாத்தெல்லாம் தூசி. ஸ்டாக்வெல்லிலிருந்து நடந்தே வந்திருக்கிறான்: ஐந்து மைல், ஒன்றே முக்கால் மணிக்கு மேல். (வாசகர்கள் யாரும் முயல வேண்டாம், ரயிலில் கால் மணிதான்.) சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ஹோடனைப் பார்க்காமல் என்னிடம் கேட்டான்.

"எங்கை வைச்சிருந்தவ?"

நான் சாமித்தட்டைக் காட்டினேன். பொய் சொல்ல என்னிடம் வேறு பொய் இல்லை. அவன் அந்த அறை வாசலோடு நின்று, "எடுத்துத் தாங்கோ," என்றான். கிழித்து எறியப் போகிறான் என்றுதான் நினைத்தேன். கொடுத்தேன். விரலால் ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினான். சனி வெறுமை. ஞாயிறும் வெறுமை.

"சனி நீங்கள் விழுங்கினது."

"ஓம்."

"நான்தான் தண்ணி தந்தனான்."

"ஓம், தம்பி."

அவன் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரித்தானா அழுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் அவனும் சொல்வதில்லை. பிறகு எழுந்து அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தான். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டான். "வா," என்றான் ஹோடனிடம். போனார்கள்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஏழு மணிக்கு நான் விளக்கேற்றினேன், ஒருவரும் வரவில்லை. பிள்ளையையும் என்னிடம் விடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக்கூடப் பார்த்தேன். கேட்கவில்லை; அதுதான் கூடப் பயம்.

புதன்கிழமை ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்க யூசுப் கதவைத் தட்டினான். ஒரு கையில் இல்ஹான், மறுகையில் நாப்பிப் பை. "அன்ரி, ஹோடனுக்கு லாப் முடிய எட்டாகும். எனக்கு ஷிப்ட். பிள்ளையைப் பிடியுங்கோ." திரும்பப் போனவன் நின்று, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தான். "வந்தவுடனை இதையும் அவவுக்குக் குடுங்கோ. மறந்திடுவா."

நான் வாங்கிப் பார்த்தேன். புதன்வரை வெறுமை; வியாழன் கிடந்தது. அட்டையில் கிழமை ஒருநாள் முந்தி ஓடிக்கொண்டிருந்தது, என்னால்.

ஹோடன் படித்து முடித்தாள். இல்ஹானுக்கு ஐந்து வயதானபோது தம்பி பிறந்தான், பெரியண்ணனின் பெயர் வைத்தார்கள். இன்னொரு பெயருக்குப் பிள்ளை வேண்டுமா என்று அவர்கள் இன்னும் ஐந்து வருடம் சண்டை பிடித்தார்கள், சத்தமாக, சுவர் தாண்டி எனக்குக் கேட்கும்படி. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் கேட்டதை இப்போதும் நினைப்பதுண்டு. படித்தவர்களுக்கு இந்த விடயத்தில் ஒரே மனம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு மனம் இருந்தது. பஷீருக்கு மட்டும் இரண்டு. வீட்டுக்கு வந்து என் மகளிடம், இரண்டோடு நிறுத்தியதற்கு நான் சொன்ன வார்த்தைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவள் "இப்ப ஏனம்மா?" என்றாள். நான் காரணம் சொல்லவில்லை. இதை வாசித்தால் தெரிந்துகொள்வாள்.

சரி, போகிறவர்களுக்கு. சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குப் பிறகு புறப்படுங்கள், இருக்க இடம் கிடைக்கும். பாங்கிலிருந்து மொனுமென்டுக்குத் தள்ளுவண்டி தூக்க ஆள் வேண்டும். தனியாகப் போனால் பிள்ளையைத் துணியால் மார்போடு கட்டிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு நிலையம், எண்ண மறக்காதீர்கள். பிள்ளையின் பையில் பிள்ளையின் சாமான் மட்டும் வையுங்கள். அடுத்தவர் குளிசையைக் கொண்டு போகாதீர்கள். கொண்டு போவதென்றால், விழுங்கவும் தயாராகப் போங்கள்.